வேலூர் பஜார் 12 உளி செட்: கடைசல் கிண்ணத்தில் பூ வேலைக்கு எத்தனை உதவும்?

வேலூர் பஜார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் அட்டைப் பெட்டியில் போட்டு விற்கிற 12 உளி செட் இது. கடைசல் பிடித்த மரக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் தாமரை இதழ் வரிசை செதுக்க ஆகுமா என்று பார்ப்பதற்காகவே வாங்கியது. விலை 650 ரூபாய். பெட்டியில் தயாரித்தவர் பெயரும் இல்லை, உளிகளின் அளவும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடலாம்: பன்னிரண்டில் நாலுதான் இந்த வேலைக்கு ஆகும். அந்த நாலும் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு வெட்டாது. சாணை பிடிக்க அரை நாள் ஒதுக்க மனசிருந்தால் கொடுத்த காசுக்கு மோசமில்லை. இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

உள்ளே தட்டை உளி மூன்று, சாய்வு உளி இரண்டு, குழி உளி நாலு, ‘வி’ உளி ஒன்று, ‘யு’ உளி ஒன்று, கரண்டி மாதிரி வளைந்தது ஒன்று. வேலைக்கு ஆகிறவை ‘வி’ உளி, 3 மி.மீ. ‘யு’ உளி, 10 மி.மீ. அகலத்தில் ஆழம் குறைந்த குழி உளி, 6 மி.மீ. சாய்வு உளி. தட்டை உளியை ஏன் ஒதுக்க வேண்டும் என்றால், இதழின் உட்புறம் பள்ளம். பள்ளத்தில் தட்டை உளியை ஓட்டினால் அதன் இரண்டு மூலையும் மரத்தில் குத்திக் கோடு போடும். குழி உளிக்கு மூலைகள் மேலே நிற்பதால் அந்தத் தொல்லை இல்லை.

இரும்பு எப்படி? உளியின் வாய் ஓரத்தில் அரத்தை லேசாக ஓட்டிப் பாருங்கள். வழுக்கினால் பதம் இருக்கிறது. கடித்தால் இரும்பு மெத்து. இந்த செட்டில் மூன்று உளியை அரம் கடித்தது. அவை மூன்றும் பூவரசில் பத்து வெட்டுக்குள் நுனி மடங்கிவிட்டன. கரண்டி உளியும் அதில் ஒன்று; கிண்ணத்தின் உள்வளைவுக்கு வேறு உளி கிடையாது என்பதால் அது பெரிய குறை. அந்த ஒன்றை மட்டும் கொல்லுப் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்து வாங்கிக்கொள்வது நல்லது.

வாய்ச் சரிவு எல்லா உளியிலும் 35 டிகிரிக்கு மேல் இருக்கிறது. கையால் தள்ளிச் செதுக்க 20 முதல் 25 டிகிரி வேண்டும். மொட்டையான சரிவோடு தள்ளினால் உளி மரத்துக்குள் இறங்காது. கூடுதலாக அழுத்துவோம், அப்போதுதான் வழுக்கிக் கையில் ஏறும். மோட்டார் சாணையில் சரிவைக் குறைப்பவர்கள் நொடிக்கொரு தரம் தண்ணீரில் தோய்க்க வேண்டும். வாயில் நீலம் பாய்ந்துவிட்டால் பதம் போனது போனதுதான். கண்ணாடித் துண்டின் மேல் 220, 400, 1000 என்று வாட்டர் பேப்பரை மாற்றி மாற்றித் தேய்ப்பது மெதுவான வழி, ஆனால் உளி கெடாது. குழி உளியின் உள்பக்கத்துக்கு அதே வளைவுள்ள குச்சியில் பேப்பரைச் சுற்றிக்கொள்ளலாம். கடைசியில் பிசிறு எடுக்கத் தோல் வேண்டும். அதற்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை: ராணிப்பேட்டை, ஆம்பூர், பேர்ணாம்பட்டு எங்கும் செருப்பு அடித்தோல் துண்டு கிடைக்கும். பலகையில் ஒட்டி, பச்சை பாலிஷ் கட்டியைத் தேய்த்து, உளியைப் பின்பக்கமாக மட்டும் இழுத்தால் முப்பது இழுப்பில் வாய் கண்ணாடி போல மின்னும்.

செட்டில் அதிகம் பாடுபடுத்துவது ‘வி’ உளிதான். அது இரண்டு தட்டை உளி அடியில் சேர்ந்த மாதிரி. உள்மூலை கூர்மையாக இல்லாமல் கொஞ்சம் உருண்டிருக்கும். அதனால் இரண்டு பக்கத்தையும் தட்டையாகத் தேய்த்து முடித்ததும் அடிமுனையில் கிளி மூக்கு மாதிரி சின்னதாக ஒரு நீட்டல் நிற்கும். அதை அப்படியே விட்டால் மரத்தை வெட்டாமல் கிழித்துக்கொண்டு போகும். வெளியே அடிமுதுகையும் ஒரு குட்டிக் குழி உளியாக நினைத்து, உருட்டி உருட்டித் தேய்த்தால் மூக்கு கரையும். அதிகம் தேய்த்தால் அங்கே பள்ளம் விழுந்துவிடும். பிறகு முழு வாயையும் நேராக மழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஐந்து தேய்ப்புக்கு ஒரு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

கைப்பிடிகள் உருட்டையாக இருப்பதால் மேஜையிலிருந்து உருண்டு விழுகின்றன. தீட்டிய வாய் தரையில் பட்டால் அரை நாள் உழைப்பு போச்சு. ஒரு பக்கத்தை இழைப்புளியால் தட்டையாக்கிவிடுங்கள். இரண்டில் பூண் ஆடியது, ஒட்டிச் சரிசெய்யலாம்.

இனி கிண்ணம். சோதித்தது 20 செ.மீ. விட்டமுள்ள பூவரசுக் கிண்ணத்தில். கடையும்போதே இதழ் வரப்போகும் பட்டையில் சுவர் 9 மி.மீ. தடிமன் விடச் சொல்ல வேண்டும். செதுக்கு 3 மி.மீ. ஆழம் போனால் மிச்சம் 6 நிற்கும். பட்டறையில் இருக்கும்போதே பட்டையின் மேலும் கீழும் 1 மி.மீ. ஆழத்தில் ஒவ்வொரு கோடு கடைந்து வாங்குங்கள். உளி தவறினாலும் சில்லு அந்தக் கோட்டோடு நின்றுவிடும். இதழைப் பங்கு போடக் கணக்கெல்லாம் வேண்டாம். கிண்ணத்தைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை வைத்து, முனை சேரும் இடத்தில் வெட்டி, நாலு முறை பாதியாக மடித்தால் 16 பங்கு. 20 செ.மீ. கிண்ணத்துக்கு ஒரு இதழ் சுமார் 39 மி.மீ. அகலம் வரும். இதழின் மாதிரிக்கு எங்கும் தேட வேண்டாம். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போய், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் கல் வேலையைப் பாருங்கள். ஆழம் கொஞ்சமானாலும் நிழல் எப்படி விழுகிறது என்பது அங்கே தெரியும்.

கிண்ணத்தை மடியில் வைத்துச் செதுக்கக் கூடாது. சாக்கில் பாதி மணல் நிரப்பி, நடுவில் குழித்து உட்கார வைத்தால் ஆடாது. முதலில் ‘வி’ உளியால் இதழின் ஓரத்தை 1.5 மி.மீ. ஆழத்துக்கு. பிறகு சாய்வு உளியால் இதழ் நுனிகளுக்கு இடையே உள்ள முக்கோணத்தைத் தாழ்த்துவது. பிறகு குழி உளியால் இதழின் உட்பள்ளம். ‘யு’ உளி நடு நரம்புக்கு. கொட்டாப்புளி எடுக்கவே வேண்டாம், 6 மி.மீ. சுவர் அடி தாங்காது, கடைந்த கோட்டோடு விண்டு போகும்.

நார் ஓட்டம்தான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. பலகை வாகில் எடுத்த, அதாவது நார் படுக்கையாக ஓடும் கட்டையில் கடைந்த கிண்ணத்தைச் சுற்றி வந்தால், எதிரெதிராக இரண்டு இடத்தில் நாரின் வெட்டு முகமும், இரண்டு இடத்தில் நாரின் பக்கமும் தெரியும். கால் சுற்றுக்கு ஒருமுறை உளி போகும் திசை மாற வேண்டும். ஒரே இதழில்கூட இடது ஓரத்தை மேலிருந்து கீழாகவும் வலது ஓரத்தைக் கீழிருந்து மேலாகவும் வெட்ட வேண்டி வரும். வெட்டிய இடம் பளபளவென்று இருந்தால் திசை சரி. சிலாம்பு எழும்பினால் உடனே நிறுத்தித் திருப்புங்கள். நாரின் பக்கம் தெரியும் இரண்டு இடத்திலும் இதழ் நுனி எளிதில் பெயரும், ஏனென்றால் நுனியில் நார் குறுக்கே ஓடுவதால் பிடிப்பு குட்டையாகிவிடுகிறது. நுனியை 4 மி.மீ.க்குக் குறைவாகக் கூராக்காதீர்கள். பெயர்ந்தால் அந்தச் சில்லையே தேடி எடுத்து ஃபெவிக்விக் வைத்து ஒட்டினால் தெரியாது.

செதுக்குமுன் உப்புத்தாள் போடவே கூடாது. தாளின் மணல் மரத்தின் துளைகளில் ஒட்டிக்கொண்டு, பாடுபட்டுத் தீட்டிய வாயைத் தின்றுவிடும்.

மரத்தைப் பொறுத்தவரை இந்த உளிகளுக்குப் பூவரசு ஒத்துவருகிறது. கர்நாடகத்துச் சன்னபட்ணா பொம்மைக்குக் கடைகிற வெப்பாலை இன்னும் நல்லது. வெள்ளை, நுணுக்கமான நார், கோடு அப்படியே நிற்கும். மாமரத்தில் பஞ்சு மாதிரி நார் எழும்பும். வேம்பில் நார் மாறி மாறிப் பின்னியிருப்பதால் எந்தத் திசையிலும் முழு நிம்மதி இல்லை. தேக்கில் மணற்சத்து இருப்பதால் இந்த இரும்பு ஒரு இதழுக்கு ஒரு தரம் தோலுக்குப் போக வேண்டியிருக்கிறது. எந்த மரமானாலும் காய்ந்த பிறகுதான். சமையல் தராசில் வாரம் ஒரு தரம் நிறுத்து, மூன்று வாரம் எடை மாறாவிட்டால் காய்ந்தது என்று அர்த்தம். பச்சையாகச் செதுக்குவது சுலபம், ஆனால் காயும்போது கிண்ணம் நீள்வட்டமாகி இதழ் வரிசை கோணிப்போகும். சித்திரை வெயிலில் மாடியில் காயவைத்தால் வெடிக்கும். செய்தித்தாளில் சுற்றி அறைக்குள்ளேயே வையுங்கள்.

செதுக்கி முடித்த கிண்ணத்தில் பூச, காய்ச்சாத பச்சை ஆளிவிதை எண்ணெய். கடையில் விற்கும் பாயில்டு வகையில் சீக்கிரம் உலர உலோகச் சேர்மானம் போடுவதால் உணவு வைக்கும் கிண்ணத்துக்கு வேண்டாம். தடவிப் பத்து நிமிடத்தில் பழைய பல் துலக்கும் பிரஷால் பள்ளங்களில் தேங்கியதை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பிசுக்காக உறைந்து தூசி பிடிக்கும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு எறியுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு சின்ன அரம் கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் கேட்டு ‘வி’ உளியையும் அகலக் குழி உளியையும் மட்டும் சோதித்துப் பாருங்கள். ‘வி’ உளியின் இரண்டு சுவரும் ஒரே தடிமனாக இருக்கிறதா, அரம் வழுக்குகிறதா, அவ்வளவுதான். இரண்டில் ஒன்று தேறாவிட்டாலும் அடுத்த பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.