பங்கு மாடா, கறிக்கடையா, கிடங்குக் கடையா? அமெரிக்காவில் மொத்தமாக மாட்டிறைச்சி வாங்குவோருக்கு

2025 ஜூனில் அமெரிக்காவில் ஒரு பவுண்டு கொத்துக்கறியின் சராசரி விலை ஆறு டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு ஜனவரிக் கணக்கெடுப்பில் நாட்டிலிருந்த மாடுகள் 8 கோடியே 67 லட்சம். 1951-க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. பல ஆண்டு வறட்சியில் மேய்ச்சல் நிலம் காய்ந்து, கன்று ஈனும் பசுக்களையே பண்ணைக்காரர்கள் விற்றுத் தீர்த்ததன் விளைவு அது. விலை ஏற ஏற, "நாலு வீடாகச் சேர்ந்து ஒரு மாடு எடுத்தால் என்ன?" என்ற பேச்சு டெக்சாஸில் நம்மவர்களிடையேயும் கிளம்பிவிட்டது.

கூறு போட்டுக் கறி பிரிப்பது நமக்குப் புதிதில்லை. ஊரில் தீபாவளிக்கு ஆடடித்துப் பங்கு வைப்பார்கள். குர்பானி மாட்டில் ஏழு பேர் பங்கு சேரலாம். ஆனால் அமெரிக்காவில் இந்தப் பங்குக்குப் பின்னால் சட்டம் ஒன்று நிற்கிறது. அது புரியாமல் விலையை ஒப்பிட்டுப் பயனில்லை.

1906-ஆம் ஆண்டின் கூட்டாட்சி இறைச்சிப் பரிசோதனைச் சட்டப்படி, விற்பனைக்கு வரும் மாட்டிறைச்சி அரசு ஆய்வாளரின் கண்ணெதிரே அறுபட்டு முத்திரை பெற வேண்டும். 1967-இல் வந்த திருத்தம், அதற்கு நிகரான பரிசோதனையை மாநிலங்களே நடத்த வழிவிட்டது. டெக்சாஸில் அப்படி ஒரு மாநிலப் பரிசோதனை உண்டு. இதற்கு வெளியே ஒரு சிறு சந்து இருக்கிறது: தன் மாட்டைத் தன் வீட்டுக்காக அறுத்துத் தரச் சொல்கிறவருக்கு அந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. சிற்றூர்களில் உள்ள அறுவைக்கூடங்கள் பலவும் இந்த விலக்கில்தான் ஓடுகின்றன. அங்கிருந்து வரும் ஒவ்வொரு பொட்டலத்திலும் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்கும்.

ஆகவே பண்ணையாளர் உங்களுக்குக் கால் பங்கு விற்கும்போது கறியை விற்பதில்லை, உயிருள்ள மாட்டில் நாலில் ஒரு பாகத்தை விற்கிறார். மாடு கூடத்துக்குப் போகும் முன்பே நீங்கள் உரிமையாளர் ஆகிவிட வேண்டும். அறுத்த பிறகு நாலு வீட்டில் ஒரு வீடு "எங்களுக்கு வேண்டாம்" என்று பின்வாங்கினால், அந்தப் பொட்டலங்களை அடுத்த தெருக்காரருக்கு விலைக்குக் கொடுக்க முடியாது. உங்கள் குடும்பம், பணியாளர்கள், காசு கொடுக்காமல் சாப்பிடும் விருந்தாளிகள் ஆகியோருக்கு மட்டுமே அந்தக் கறி. கூட்டாகச் சேர்கிறவர்கள் முன்பணத்தை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நட்புக்கு நல்லது.

எல்லாப் பண்ணையாளரும் இந்தச் சந்தில்தான் நடக்கிறார்கள் என்றில்லை. சிலர் முத்திரையுள்ள கூடத்தில் அறுத்து, உழவர் சந்தையில் பவுண்டுக் கணக்கில் விற்கிறார்கள். அவர்களிடம் வாங்குவது கறிக்கடையில் வாங்குவது போலத்தான். அதனால் பண்ணை, கடை என்று பிரிப்பதைவிட, முத்திரை உண்டா இல்லையா என்று கேட்பது காரியத்துக்கு உதவும்.

இனி எடை. குழப்பமும் மனக்கசப்பும் இங்கேதான் தொடங்குகின்றன. உயிரோடு 1,200 பவுண்டு இருக்கும் காளை, தலை, தோல், குடல் எல்லாம் நீங்கிக் கொக்கியில் தொங்கும்போது ஏறக்குறைய 750 பவுண்டு இருக்கும். எலும்பும் கொழுப்பும் கழித்து, தொங்கவிட்ட நாட்களில் வற்றும் ஈரமும் போக, வீட்டுக்கு வருவது 490 பவுண்டுக்கு அருகில். பண்ணையாளர் சொல்லும் விலை பெரும்பாலும் கொக்கி எடைக்குத்தான். அறுவைக் கூலி தனி. வெட்டிப் பொட்டலம் கட்டும் கூலியும் தனி, அதுவும் கொக்கி எடைக்கே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதிலுள்ள விலைகள் நானாக வைத்துக்கொண்டவை. உங்கள் பகுதி விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கால் பங்கின் கொக்கி எடை 190 பவுண்டு, பவுண்டுக்கு 4.50 டாலர் என்றால் 855 டாலர். வெட்டுக்கூலி 1.10 வீதம் 209. அறுவைக் கூலியில் நாலில் ஒரு பங்கு 30. மொத்தம் 1,094 டாலர். எலும்பில்லாக் கறியே அதிகம் கேட்டு, 118 பவுண்டு வந்தது என்று வைத்தால், ஒரு பவுண்டு 9.27 டாலர். விளம்பரத்தில் பார்த்தது நாலரை, ஃப்ரீசருக்குள் போனது ஒன்பதேகால். பண்ணையாளர் ஏமாற்றவில்லை, இந்தத் தொழிலில் விலை சொல்லும் முறையே அது. ஆனால் தொலைபேசியில் பேசும்போது, "எல்லாக் கூலியும் சேர்த்து, வீட்டுக்கு வரும் எடைக்கு என்ன விழும்?" என்று கேட்டுவிட வேண்டும். நேர்மையான ஆள் தயங்காமல் ஒரு வரம்பைச் சொல்வார்.

இந்த 9.27 லாபமா நட்டமா? அது நீங்கள் மாட்டின் எந்தப் பாகத்தைச் சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பங்கு மாட்டில் எல்லாப் பாகத்துக்கும் ஒரே விலை. விலாப்பக்கத்து உயர்ரகத் துண்டான ரிப்-ஐ ஸ்டேக்கும் 9.27, கொத்துக்கறியும் 9.27. கடையில் முன்னதை அந்த விலைக்கு நினைக்கவே முடியாது, பின்னது 2025 ஜூனில் ஆறு சொச்சம். வாரம் ஒருநாள் வீட்டுப் பின்கட்டில் ஸ்டேக் சுடும் அமெரிக்கக் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு இனிக்கும். ஆனால் கால் பங்கில் ஓரங்குலத் தடிமனில் ஆறேழு ரிப்-ஐதான் தேறும். மொத்தக் கறியில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கொத்துக்கறியாகவே வரும். மிச்சத்தில் பெரும்பகுதி தோளும் தொடையும்.

நம் வீட்டுச் சமையல் வேறு. சுக்காவுக்கும் குழம்புக்கும் பிரியாணிக்கும் தோள்பட்டைக் கறி வேண்டும். இங்கே அதற்குப் பெயர் சக். வேக நேரம் எடுக்கும், ஆனால் கொழுப்பும் சவ்வும் இழைந்திருப்பதால் வெந்த பிறகு மசாலாவைப் பிடித்துக்கொள்ளும். கூடவே கால் கறி, நல்லி, நெஞ்சு. மென்மைக்குப் பேர்போன டெண்டர்லாயினைக் குழம்பில் போட்டால் பஞ்சுபோல உதிர்ந்துவிடும். ஸ்டேக் சாப்பிடாத வீட்டார் பங்கு மாடு எடுத்தால், கடையில் அதைவிடக் குறைவாகக் கிடைக்கக்கூடிய சக்குக்கும் கொத்துக்கறிக்கும் ஒன்பதேகால் டாலர் கொடுத்துவிட்டு, உண்மையிலேயே மலிவாகக் கிடைத்த ஸ்டேக்கைத் துண்டு போட்டுக் குக்கரில் ஏற்றுகிறார்கள்.

அப்படியென்றால் பங்கு மாட்டுக்கு நம்மிடம் வேலையே இல்லையா? உண்டு. வெட்டுப் பட்டியல் என்று ஒரு தாள் தருவார்கள். ஸ்டேக் எத்தனை அங்குலம், பொட்டலத்துக்கு எத்தனை, கொத்துக்கறியில் கொழுப்பு எவ்வளவு, எலும்பு வேண்டுமா என்றெல்லாம் அதில் குறிக்க வேண்டும். அந்தத் தாளைச் சரியாக நிரப்பினால் கடையில் எளிதில் கிடைக்காதவை வீட்டுக்கு வரும். முன்கால், பின்கால் இரண்டையும் எலும்போடு குறுக்கே அறுக்கச் சொல்லுங்கள், மஜ்ஜையோடு வரும். விலா எலும்பைக் கொத்துக்கறியில் சேர்க்காமல் தனியே கேளுங்கள். குழம்பு எலும்பு அத்தனையும் வேண்டும் என்று எழுதுங்கள், எழுதாவிட்டால் பல கூடங்களில் அது கழிவோடு போய்விடும். சக்கை அவர்களே துண்டு போட்டால் மெலிந்த தொடைக்கறியையும் அதில் கலந்துவிடுவதுண்டு. கட்டியாகவே வாங்கி வீட்டில் வெட்டுவது மேல்.

தாளில் எல்லாவற்றையும் கேட்க முடியாது. முதுகெலும்புத் துண்டோடு அறுக்கும் டி-போன் ஸ்டேக் கேட்டால் டெண்டர்லாயின் தனியாக வராது, இரண்டும் ஒரே இடத்துக் கறி. மாட்டுக்கு வயது முப்பது மாதத்தைத் தாண்டியிருந்தால் டி-போனே கிடையாது. 2003 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் மாட்டின் மூளையைத் தாக்கும் 'மேட் கவ்' நோய் கண்ட பிறகு, அந்த வயதைக் கடந்த மாட்டின் முதுகெலும்பும் மூளையும் உணவுக்கு ஆகாது என்று விதி வந்தது. புல்லிலேயே வளர்ந்து முற்றும் மாடுகள் இந்த வயதைத் தொடுவதுண்டு, கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வால் ஒன்றுதான். நாலு வீட்டுக் கூட்டில் அது யாருக்கு என்பதை மாடு அறுபடும் முன்பே பேசி முடிப்பது உத்தமம்.

உள்ளுறுப்புகளில் பங்கு மாடு வெல்கிறது. ஈரல், இதயம், நாக்கு, சிறுநீரகம் எல்லாம் சொல்லி வைத்தால் கிடைக்கும், பல அமெரிக்கர்கள் தங்கள் பங்கையே வேண்டாம் என்பார்கள். குடலும் இரைப்பையும் கடினம், அலசிச் சுத்தம் செய்ய எல்லாக் கூடத்திலும் ஆளோ வசதியோ இல்லை. நுரையீரலை இந்த நாட்டில் 1971 முதல் மனித உணவாக விற்கவே கூடாது.

ஹலால் பார்க்கிறவர்களுக்கு இந்த வழியில் இன்னொரு காரணமும் இருக்கிறது. 1958-இல் வந்த மனிதநேய அறுவைச் சட்டம் சமய முறைப்படி அறுப்பதை ஏற்றுக்கொள்கிறது. சில சிறிய கூடங்களில் முன்கூட்டியே கேட்டால், நீங்களோ உங்கள் ஆளோ நின்று அறுக்க விடுவார்கள். கடையில் ஒட்டிய சீட்டை நம்புவதற்கும் கண்ணால் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒன்பதேகால் டாலர் அதிகமென்று அவர்களில் பலர் சொல்லமாட்டார்கள்.

உள்ளூர்க் கறிக்கடைக்கு வருவோம். அங்கே முத்திரையுள்ள கறி, எடை போட்ட பிறகு விலை, மறைகூலி கிடையாது. இருபது, நாற்பது பவுண்டு என்று மூட்டை போட்டுச் சற்றுக் குறைத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. நமக்குத் தேவையான பேரம் வேறு: "எனக்கு ஸ்டேக் வேண்டாம், முப்பது பவுண்டு சக், பத்து பவுண்டு கால் கறி, எலும்பு" என்று கேட்டுப் பாருங்கள். முழு மாடு வாங்கி வெட்டும் கடைக்காரருக்கு ஸ்டேக் தானாகவே போய்விடும்; சக்கும் காலும் தேங்கும். அதை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போகும் வாடிக்கையாளரை அவர் விடமாட்டார்.

முழு மாடு வாங்கி வெட்டும் கடையா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் தீவனம் ஊட்டிக் கொழுக்க வைத்த மாடுகளில் சுமார் 85 விழுக்காடு டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப் என்ற நான்கு நிறுவனங்களின் ஆலைகளில்தான் அறுபடுகின்றன. அந்த ஆலைகளிலிருந்து பெட்டியில் வரும் கறியைப் பிரித்து, மர அலமாரியில் அழகாக அடுக்கி, உள்ளூர்க் கறி என்று எண்ண வைக்கும் கடைகளும் உண்டு. பெட்டிக் கறியில் குறையொன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பண்ணை விலை கொடுக்க வேண்டியதில்லை. எந்தப் பண்ணை, எந்தக் கூடம் என்று கேட்டால் பதில் வர வேண்டும்.

பெட்டிக் கறிதான் வாங்குவது என்றால், அதை நேரடியாக காஸ்ட்கோ மாதிரியான கிடங்குக் கடையில் வாங்கிவிடலாமே. காற்று நீக்கிய பையில் முழு நெஞ்சு, சில கிளைகளில் இருபது பவுண்டு அளவில் முழுச் சக் கிடைக்கும். பிரைம், சாய்ஸ் என்ற தரக்குறியீடும் இருக்கும். இந்தத் தரம் பிரிப்பது கட்டாயமில்லை, ஆலை காசு கொடுத்துச் செய்துகொள்வது. பங்கு மாட்டுக்கு அது இருக்காது, பண்ணையாளரின் சொல்தான் தரம். நல்ல கத்தியும் ஒரு மதியமும் இருந்தால், குழம்புக் கறிக்கு இதுவே மூன்றிலும் மலிவாக முடியும். எலும்புதான் கிடைக்காது.

சுவையைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். பத்துப் பதினாலு நாள் குளிர் அறையில் தொங்கிப் பதமான கறி ஸ்டேக்கில் நன்றாகவே தெரியும். மிளகும் சோம்பும் வறுத்து அரைத்த சுக்காவில் எனக்கு அது தெரிவதில்லை. புல் மேய்ந்த மாட்டின் கொழுப்பு மஞ்சளாக இருக்கும், புல்லில் உள்ள கரோட்டின்தான் காரணம், பயப்பட வேண்டாம். எலும்புச் சாற்றில் அதன் மணம் தனி. 'புல் மட்டும் தின்றது' என்ற அடைமொழிக்கு விவசாயத் துறை வைத்திருந்த வரையறையை 2016-இல் விலக்கிக்கொண்டது, ஆகவே கடைசி மாதங்களில் மாடு என்ன தின்றது என்று நேராகக் கேளுங்கள்.

ஃப்ரீசர் கணக்கு எளிது: ஒரு கன அடிக்கு 35 முதல் 40 பவுண்டு. கால் பங்குக்கு நாலைந்து கன அடி வேண்டும். கொத்துக்கறி மூன்று நான்கு மாதத்துக்குள், கட்டிக் கறி ஓராண்டுக்குள் தீர்ந்தால் ருசி கெடாது. மின்சாரம் போனால் நிறைந்த ஃப்ரீசர், மூடியைத் திறக்காவிட்டால் இரண்டு நாள் தாங்கும். 2021 பிப்ரவரிப் பனியில் டெக்சாஸ் எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

என்னைக் கேட்டால், ஸ்டேக் சாப்பிடாத நாலு பேர் குடும்பத்துக்குச் சக் கிடங்குக் கடையிலிருந்தும், காலும் எலும்பும் முழு மாடு வெட்டும் கறிக்கடையிலிருந்தும் வருவதே கணக்குக்குச் சரி. உறுப்புக்கறியை விரும்புகிறவர்கள், ஹலாலைக் கண்ணால் பார்க்க வேண்டியவர்கள், பிள்ளைகள் ஸ்டேக்குக்குப் பழகிவிட்ட வீட்டார் ஆகியோருக்குப் பங்கு மாடு.

எடுப்பதென்று முடிவு செய்தால் காலத்தைப் பாருங்கள். 2020-இல் பெரிய ஆலைகள் கொரோனாவால் மூடியபோது சிறிய கூடங்களில் ஓராண்டுக்குமேல் இடமில்லாமல் போனது. இப்போது அவ்வளவு நெருக்கடி இல்லை. ஆனால் டெக்சாஸில் நவம்பர் தொடக்கத்தில் மான் வேட்டைப் பருவம் திறந்ததும், இதே கூடங்களில் பல மானை வெட்டுவதில் இறங்கிவிடும். மாட்டுக்கு இடம் கிடைப்பது கடினம். கிறிஸ்துமஸுக்குக் கறி வேண்டுமென்றால் கோடையிலேயே பண்ணையாளரிடம் முன்பணம் கட்டி, கூடத்தில் தேதியையும் எழுதி வாங்கிவிடுங்கள்.