டிராக்‌ஷன் கட்டிலா, தரையில் விரித்த பாயா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் என் சித்தப்பாவுக்கு மூன்று வருட இடுப்புவலி. ஸ்கேனில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கியிருப்பதாக எழுதியிருந்ததைப் படித்ததும் வீடே கலங்கிப்போனது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை அலசிய 2015ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 20 வயதினரில் சுமார் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் இதே பிதுக்கம் இருந்தது. இதை யாராவது அன்றே சொல்லியிருக்கலாம்.

முதலில் டிராக்‌ஷன். இடுப்பில் பட்டை கட்டி இழுப்பார்கள், பிறகு கரண்ட் வைப்பார்கள். கட்டிலை விட்டு இறங்கும்போது உடம்பு லேசாக இருக்கும். பட்டறையில் சம்மணமிட்டு ஊதுகுழலை வாயில் வைத்த ஒரு மணி நேரத்தில் வலி திரும்பிவிடும். பத்து நாள் கூலி போனதுதான் மிச்சம். "ஜவ்வு உள்ளே போய்விடும்" என்று சொல்லி அனுப்பியதில்தான் எனக்குக் கோபம். இழுத்து உள்ளே தள்ள அது பொத்தான் அல்ல. நாள்பட்ட இடுப்புவலிக்கு டிராக்‌ஷன், பெல்ட், டென்ஸ் மின்சிகிச்சை ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. உடற்பயிற்சியை அது பரிந்துரைக்கிறது.

பயிற்சியும் ஜவ்வை உள்ளே தள்ளாது. பெரியவர்களின் ஜவ்வுக்கு ரத்தக்குழாய் அநேகமாகக் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வருவதுதான் அதன் உணவு. பகலில் பாரம் தாங்கி நீரை இழக்கும், இரவில் படுக்கும்போது உறிஞ்சிக்கொள்ளும். பிதுங்கி வெளியே வந்த துண்டைப் பல சமயம் உடலே சில மாதங்களில் கரைத்துவிடுகிறது. அதுவரை முதுகுத் தசைகளுக்கு வலுவூட்டுவதும், குனியவே பயப்படும் மனத்தைத் தேற்றுவதும் பயிற்சியின் வேலை. சித்தப்பா பாயில் மல்லாந்து, முழங்கால் மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி ஐந்து எண்ணுவார். முதல் வாரம் மூன்று முறைக்கே வியர்த்தது. இரண்டு மாதம் கழித்துத்தான் பலன் தெரிந்தது. பொறுமைதான் இதற்குக் கட்டணம். என் ஓட்டு இதற்கே.

அறுவை சிகிச்சை? கால்வரை இழுக்கும் கடும் வலியில் அது சீக்கிரம் நிம்மதி தரும். நெதர்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே அறுவை செய்தவர்களும் காத்திருந்து பார்த்தவர்களும் ஓராண்டு முடிவில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். ஆனால் சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ பயிற்சி, டிராக்‌ஷன் எதற்கும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.