ரத்தம் கொடுக்கப் போன இடம்: கே.எல்.லில் (கோலாலம்பூர்) ஒரு பல்கலைக்கழக ஆய்வு மையம்

அம்மாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) வந்து 16 வருடம் ஆகிறது. போன வருடம் கிளினிக்கில் டாக்டர், கிட்னி எப்படிப் போகிறது என்று சில வருடம் தொடர்ந்து பார்க்கிற ஆய்வு ஒன்று இருக்கிறது, இங்கே சில பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டு லேப் ஒன்றும் சேர்ந்து நடத்துகின்றன, செலவு எதுவும் இல்லை, போகிறீர்களா என்று கேட்டார். சும்மா கிடைக்கிற டெஸ்டை யார் விடுவார், போனோம். கே.எல். வட்டாரத்தில் இந்த மாதிரி மையங்கள் பல இருக்கின்றன. இது எது என்று பெயர் போட மாட்டேன், ஏனென்றால் கீழே கொஞ்சம் திட்டவும் போகிறேன்.

முதலில் இடம். மருத்துவமனை வளாகத்துக்குள்தான் இருக்கிறது, ஆனால் கட்டடத்தின் மேல் பெயருக்குப் பதில் நான்கு எழுத்துச் சுருக்கம், வாசலில் நிற்கிற காவலாளிக்கே அது என்னவென்று தெரியவில்லை. முதல் நாள் இரவிலிருந்து பட்டினி கிடக்கும் 68 வயது மனுஷியை மூன்று பிளாக் சுற்ற வைத்தார்கள். பார்க்கிங் பற்றிப் பேசவே வேண்டாம், எல்ஆர்டி ரயிலில் போய் அங்கிருந்து கிராப் கார் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒப்புதல் படிவம். 11 பக்கம், மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும். அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர், தமிழ்ப் பத்திரிகையை வரி விடாமல் படிப்பார், இந்த 11 பக்கத்தில் அவருக்குத் தெரிந்தது தன் பெயரும் ஐசி (அடையாள அட்டை) நம்பரும்தான். "சைன் பண்ணுங்க ஆன்ட்டி" என்று பேனாவை நீட்டினார்கள். நான் முடியாது என்றேன். கொஞ்சம் முறைப்புக்குப் பிறகு மேல் மாடியில் வேறொரு புரோஜெக்டில் இருக்கும் தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அந்தத் தங்கச்சி தன் வேலையை விட்டுவிட்டு வந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து 20 நிமிடம் பொறுமையாகச் சொன்னார். டியூப்பில் பெயர் இருக்காது, நம்பர்தான் இருக்கும். எப்போது வேண்டாம் என்றாலும் விலகிக்கொள்ளலாம், அதனால் சிகிச்சையில் ஒரு குறையும் வராது. வெளிநாட்டு லேப்புக்கு அனுப்பக் கூடாது என்றால் அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அதில் குறித்தால் போதும். அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அனுப்பட்டும்மா. நான்தான் எங்கயும் போகல, என் ரத்தமாவது வெளிநாடு பாக்கட்டும்." இந்த மையத்துக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பாதி அந்தப் பெண்ணுக்குத்தான் போகிறது, ஆனால் அது அவருடைய வேலையே இல்லை என்பதுதான் பிரச்சினை.

ரத்தம் எடுத்த மிஸ்ஸி (நர்ஸ்) கெட்டிக்காரர், ஒரே குத்து, 5 டியூப். ஊதா மூடி போட்டது டிஎன்ஏவுக்காம். கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன், டியூப்பை எல்லாம் சுழல விட்டுப் பிரித்து, சின்னச் சின்னக் குப்பிகளில் ஊற்றி, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்குள் வைக்கிறார்கள். எடுத்த ரத்தத்தை அதிக நேரம் வெளியில் வைக்க முடியாது, அதனால்தான் எல்லாரையும் காலையிலேயே வரச் சொல்கிறார்கள். இதை முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மதியம் கேட்டு நான் சண்டை போட்டிருக்க மாட்டேன்.

அப்புறம் சாப்பாட்டுக் கேள்விகள். வாரத்துக்கு எத்தனை தடவை ரொட்டி சானாய், எத்தனை கப் சோறு, எல்லாம் கேட்டார்கள். அம்மா தினமும் பசியாறுவது கேழ்வரகுக் கூழ், அதற்குக் கட்டமே இல்லை, "மற்றவை"யில் எழுதிக்கொண்டார்கள். சோற்றுக் கேள்வி வந்ததும் எனக்கு வேறொரு ஞாபகம். 1900இல் கே.எல்.லில் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய வேலைகளில் ஒன்று பெரிபெரி நோய். தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட தொழிலாளிகள் கால் வீங்கி விழுந்தபோது, புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை என்பதை அப்போதே கவனித்திருந்தார்கள். அந்தக் கழகத்தின் டாக்டர்கள் ஃப்ரேசரும் ஸ்டாண்டனும் சாலை போட்ட தொழிலாளிகளிடம் இரண்டு அரிசியையும் கொடுத்துப் பார்த்து, கோளாறு தீட்டிய அரிசியில்தான் என்று காட்டினார்கள். அன்றைக்கு அரிசியால் தப்பித்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்றைக்கு இனிப்பு நீரில் முன்வரிசையில் நிற்கிறோம்: 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு, இங்குள்ள இந்தியர்களில் மட்டும் 31.4 சதவீதம் பேருக்கு.

அதனால்தான் குறை இருந்தாலும் போங்கள் என்கிறேன். நோய் வரும் வாய்ப்பை மரபணுவை வைத்துக் கணிக்கும் முறைகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் ரத்தத்தை வைத்து உண்டானவை, அவை நமக்குச் சரியாகப் பொருந்துமா என்று பார்க்க நம் ரத்தம் அந்த ஃப்ரீசரில் இருக்க வேண்டும். தேசியப் பல்கலைக்கழகம் யுகேஎம் 2006 முதல் 2012 வரை 106,527 பேரைச் சேர்த்ததும் இந்த மாதிரி ஆய்வுக்குத்தான். வார்டும் லேப்பும் பக்கத்தில் இருப்பதன் பலன் நிப்பா வைரஸ் பரவிய சமயத்தில் தெரிந்தது. 1998இல் பன்றிப் பண்ணைகளில் பரவிய காய்ச்சலைக் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று நினைத்துப் புகை அடித்துக்கொண்டிருந்தார்கள். மலாயா பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங் நோயாளியின் மாதிரியிலிருந்து வளர்த்த வைரஸ் வேறு மாதிரி இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு, 1999 மார்ச்சில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசிக்கு எடுத்துப் போனார், புது வைரஸ் என்று தெரிந்தது. அந்த நோய் அடங்குவதற்குள் 105 உயிர் போய்விட்டது. பண்ணைகளில் வேலை பார்த்த நம் ஆட்களும் அதில் உண்டு.

சரி, திட்டு பாக்கி இருக்கிறது. கண்ணுக்குள் படம் எடுக்கச் சொட்டு மருந்து விட்டார்கள், மதியம் வரை அம்மாவுக்கு எல்லாம் மங்கல், துணைக்கு ஆள் வேண்டும் என்று முன்னால் யாரும் சொல்லவில்லை. முடிந்ததும் பசியாற நாசி லெமாக் பொட்டலமும் பெட்டி மைலோவும் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை, அம்மா நெத்திலியைத் தொட மாட்டார். மைலோவைத் திருப்பிப் பார்த்து, "சீனி இருக்கான்னு பாக்கக் கூப்பிட்டு சீனியவே குடுக்குறாங்களே" என்றார். பயணச் செலவுக்கு 50 வெள்ளி (ரிங்கிட்) கையில் கொடுத்தார்கள், அது சரியாக வந்தது.

ரிசல்ட் 6 வாரத்தில் என்றார்கள், 4 மாதம் ஆனது. போன் செய்தால் முதலில் பேசியவர் வேலையில் இல்லை. இங்கே ஆய்வு உதவியாளர்கள் கிராண்ட் (ஆய்வு மானியம்) காசில் கான்ட்ராக்டில் இருப்பவர்கள், காசு முடிந்தால் ஆளும் போய்விடுகிறார், அவரோடு அந்த போன் நம்பரும் போய்விடுகிறது. கடைசியில் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த நெறிமுறைக் குழு நம்பரைக் கூப்பிட்டேன், ஒரே வாரத்தில் கடிதம் வந்தது. அந்தப் பக்கத்தை மறக்காமல் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் முழுக்க எண்கள், விளக்கம் ஒரு வரி இல்லை. எடுத்துக்கொண்டு பழைய கிளினிக் டாக்டரிடமே போனோம், அவர் பார்த்து மருந்தில் ஒன்றை மாற்றினார், அந்த அளவில் பலன் உண்டு.

லேப்புக்கு 5க்கு 4.5, மனிதர்களோடு பேசுவதற்கு 2. அடுத்த சுற்று வருடக் கடைசியில் வருகிறது, வருகிறோம் என்று சொல்லியாகிவிட்டது. தமிழில் படிவமோ விளக்கிச் சொல்ல ஓர் ஆளோ வேண்டும் என்று இப்போதே மின்னஞ்சல் போட்டு மூன்று வாரம் ஆகிறது, பதில் இன்னும் வரவில்லை.