டர்பன் வீட்டுத் தோட்டத்துக்கு எந்தத் தக்காளி? மனிமேக்கர், ரோடேட், ரோமா, செர்ரி: சட்டியில வச்சுப் பாத்த அலசல்

முதல்லயே என் கட்சிய சொல்லிடுறேன். தென்னாப்பிரிக்காவுல டர்பன் கடலோரத்துல இருக்கிறவங்க, அதுவும் வாரத்துல ரெண்டு தடவையாவது தக்காளி சட்னி வதக்குற வீடா இருந்தா, மண்ணுல ரோடேட் போடுங்க, வெயில் படுற வாசப்படி பக்கம் ஒரு பக்கெட்ல செர்ரி வைங்க, வீட்டுக்கு அது போதும். மனிமேக்கரும் ரோமாவும் மோசம்னு சொல்லல, ரெண்டுக்கும் அதுக்குன்னு வேலை இருக்கு, ஆனா நம்ம ஊரு ஈரத்தையும் சூட்டையும் கணக்குல வச்சுப் பேசணும்ல. அதுக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு, எந்த ரகம்னு கேக்குறவங்க நெறைய பேரு எந்த மாசம்னு கேக்குறதே இல்ல, கடலோரத்துல பாதி வெற்றி தோல்வி அதுலதான் இருக்கு.

வெளிநாட்டு வீடியோ எல்லாத்துலயும் வசந்தத்துல நடு, கோடையில பறின்னு சொல்லுவாங்க. உறைபனி விழுற ஊருக்கு அது சரி, ஜோஹன்னஸ்பர்க்ல இருக்கிற நம்ம சொந்தக்காரங்களுக்கும் அது சரி. டர்பன் கடலோரத்துல பனி விழாது, இங்க தக்காளிக்கு எதிரி குளிர் இல்ல, கோடைதான், அது இங்க டிசம்பர் ஜனவரில வரும். செப்டம்பர்ல நட்டா காய் பிடிக்கிற நேரம் டிசம்பர் ஜனவரில வந்து நிக்கும், பகல்ல 28 டிகிரி, ராத்திரியிலயும் 20, 21 பக்கத்துலயே நிக்கும், கூடவே மழையும் புழுக்கமும். ராத்திரி சூடு 21ஐத் தாண்ட தாண்ட தக்காளிப் பூவுல காய் பிடிக்கிறது குறைஞ்சுக்கிட்டே போகும், பூ காம்போட காஞ்சு கொட்டும், இலையில வட்டம் வட்டமா எர்லி பிளைட்ங்கிற பூஞ்சை நோய்ப் புள்ளி ஏறும். அதே விதையை பிப்ரவரி கடைசில தட்டுல போட்டு, நாத்து ஒரு சாண் வளந்ததும் ஏப்ரல் தொடக்கத்துல மண்ணுல மாத்தினீங்கன்னா ஜூன் கடைசி, ஜூலைல பழம் கைக்கு வரும். அப்ப பகல்ல 22, 23, ராத்திரியில 11, 12, மழை ரொம்பக் கம்மி. தக்காளிக்கு இதவிட என்ன வேணும்?

இதுல சமையலுக்கும் ஒரு யோகம் இருக்கு. ஜூன் ஜூலைலதான் சார்டின், அதான் மத்தி மீன், கூட்டம் தெற்குக் கரையோரமா வரும், வலை இழுக்குற இடத்துலேந்து யாராவது ஒரு பை கொண்டுவந்து குடுப்பாங்க, அந்த ஃப்ரெஷ் சார்டினை தோட்டத்துத் தக்காளி சட்னியில இறக்கினா, டின் ஃபிஷ் பக்கம் கொஞ்ச நாளைக்கு யாரும் போக மாட்டாங்க. அப்புறம் மே நடுவுல இன்னொரு தட்டு விதை போட்டு வச்சா செப்டம்பர் பாதியில, புரட்டாசி தொடங்குற நேரத்துக்குப் பழுக்கும். மீன் கறி எதுவும் இல்லாம ஒரு மாசம் சுகர் பீன்ஸ், பருப்பு, கீரைன்னு ஓடுற வீட்டுல தக்காளிதான் சாப்பாட்டையே தூக்கி நிறுத்தும், அது எல்லாருக்கும் தெரியும்.

சரி, ரகத்துக்கு வருவோம்.

மனிமேக்கர் இங்கிலாந்துல கண்ணாடி வீட்டுக்குள்ள வளக்குறதுக்குப் பேர் போன பழைய ரகம். கொடி மாதிரி ஏறிக்கிட்டே இருக்கும், ரெண்டு மீட்டர் கம்பு நட்டு, பழைய சேலையக் கிழிச்சு மெதுவா கட்டி, இலைக்கும் தண்டுக்கும் நடுவுல வர்ற கிளைய வாராவாரம் கிள்ளி விடணும். விட்டீங்கன்னா புதர் ஆயிடும், ஆகஸ்ட்ல வடகிழக்குக் காத்து அடிக்கும்போது கம்போட சாயும். பழம் நடுத்தர சைஸு, உருண்டையா, ஒரே மாதிரி. பச்சையா வெட்டி உப்பு மிளகுத்தூள் தூவிச் சாப்பிட்டா நாலு ரகத்துல சுவை இதுக்குத்தான்னு நான் சத்தியம் பண்ணுவேன், இனிப்பும் புளிப்பும் சரிக்குச் சரியா நிக்கும், சாறு ஓடும். பிரச்சனை என்னன்னா நோய் எதுக்கும் இதுக்குத் தடுப்புச் சக்தி கிடையாது. கண்ணாடி வீட்டுப் பிள்ளைய கொண்டுவந்து நம்ம மண்ணுல விட்டா என்ன ஆகும், அதான் ஆகும்.

மண்ணுல இருக்கிற பாக்டீரியல் வில்ட், அதாவது பாக்டீரியாவால வர்ற வாடல் நோய்தான் இங்க பெரிய ஆளு. காலைல பச்சையா நிக்குற செடி மத்தியானம் தலைய தொங்கப் போடும், சாயந்திரம் கொஞ்சம் எழும்பும், நாலஞ்சு நாள்ல இலை மஞ்சள் ஆகாமலே செடி செத்துரும். தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் ஊத்துவாங்க. சந்தேகம்னா அடித்தண்ட ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளர்ல சுத்தமான தண்ணி எடுத்து, வெட்டின பக்கம் தண்ணியில முங்குற மாதிரி பிடிங்க, டம்ளர ஆட்டக் கூடாது. கொஞ்ச நேரத்துல வெட்டின இடத்துலேந்து பால் நூல் மாதிரி வெள்ளையா கீழ இறங்கினா அதேதான். அந்த இடத்துல அடுத்தும் தக்காளி, கத்திரிக்காய், மிளகாய், உருளைக்கிழங்கு எதுவும் வைக்காதீங்க, எல்லாம் ஒரே குடும்பம், ஒண்ணுக்கு வந்தா மத்ததுக்கும் வரும். பீன்ஸோ சோளமோ போட்டு மண்ண ஆற விடுங்க.

இங்கதான் ரோடேட் ஜெயிக்குது. இது தென்னாப்பிரிக்காவுலயே 1980கள்ல இந்த பாக்டீரியல் வில்ட்டுக்குன்னே உருவாக்கின ரகம், நம்ம மண்ணோட தொல்லைய மனசுல வச்சு செஞ்சது. குட்டையா, புதர் மாதிரி, இடுப்பு உயரத்துல நின்னுடும், ஒரு குட்டைக் கம்பு போதும், கிளை கிள்ற வேலை இல்ல, கிள்ளினா காய்தான் குறையும். வேலைக்குப் போயிட்டு இருட்டுனதுக்கப்புறம் வீடு வர்றவங்களுக்கு இது ஒண்ணே பெரிய காரணம். பழம் மனிமேக்கர விடப் பெருசு, சதை அழுத்தமா இருக்கும். பச்சையா சாப்பிட்டா மனிமேக்கர் அளவு இனிக்காது, அத மறைக்க வேண்டியதில்ல. இன்னொரு விஷயம், காய் எல்லாம் மூணு நாலு வாரத்துக்குள்ள மொத்தமா பழுத்துரும், அப்புறம் செடி ஓய்ஞ்சுரும். தினமும் ரெண்டு பழம் வேணும்னா இது எரிச்சலா இருக்கும், மொத்தமா வதக்கி டப்பாவுல போட்டு ஃப்ரீசர்ல வைக்கிற வீடுன்னா இது வரம். ரெண்டு மூணு வாரம் விட்டு விட்டு விதை போட்டாலும் சமாளிச்சுக்கலாம்.

இப்ப சட்டிக்கு வாங்க, ஏன்னா என்னப் பொறுத்தவரை தீர்ப்பு அங்கதான். டர்பன் சட்னின்னா தமிழ்நாட்டுல அரைச்சு இட்லிக்கு வைக்கிறது இல்ல, எண்ணெய் காயவச்சு கடுகு, ஜீரகம், காஞ்ச மிளகாய் பொரிய விட்டு, வெங்காயமும் கறிவேப்பிலையும் பச்சமிளகாயும் போட்டு வெங்காயம் ஓரம் சிவக்குற வரைக்கும் வதக்கி, பூண்டு, மஞ்சத்தூள், அப்புறம் துருவின தக்காளி. மூடி போடாம நடுத்தீயில விடணும். ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு, கரண்டிய நடுவுல இழுத்தா சட்டியோட அடி தெரிஞ்சு கோடு மெதுவா மூடணும், அதுதான் பதம். மனிமேக்கர் போட்டா தண்ணி ரொம்ப விடும், அந்தக் கோடு வர்றதுக்கு அரை மணி நேரம் தாண்டும், அதுக்குள்ள கறிவேப்பிலை வாசம் எல்லாம் போயிரும், சீக்கிரம் இறக்கினா ரொட்டியில ஊறி ஒழுகும். ரோடேட்ல இருபது நிமிஷத்துக்குள்ள கோடு வந்துரும், சதை முழுசா கரையாம அங்கங்க துண்டு துண்டா நிக்கும். அதுல நாலு குழி பண்ணி முட்டைய உடச்சு ஊத்தி மூடி வச்சா மஞ்சக்கரு பாதி வேகும்போது இறக்கிடலாம், வெள்ளைப் பகுதி சட்னில பிடிச்சு நிக்கும், தண்ணியா இருந்தா அது கலைஞ்சு நார் நாரா மிதக்கும். ரோடேட் கொஞ்சம் இனிப்பு கம்மிங்கிற குறையும் இங்க தெரியாது, வெங்காயமும் ஒரு சிட்டிகை சக்கரையும் அத ஈடு கட்டிரும்.

புளி போட்டு வைக்கிற மீன் குழம்புக்கும் அழுத்தமான சதைதான் வேணும், ஏன்னா அது அடுத்த நாள் சாப்பிடுற குழம்பு, ராத்திரி முழுக்க இருந்து புளியும் தக்காளியும் மீனுக்குள்ள இறங்கணும், தண்ணித் தக்காளி போட்டா காலைல மேல எண்ணெய் தனி, தண்ணி தனியா நிக்கும். எங்க மாமியார் இங்கயே பொறந்து வளந்தவங்க, சின்ன வயசுல அவங்க வீடு டர்பன் கிளேர்வுட் பகுதியில காய்கறித் தோட்டம் போட்டவங்க, பழத்தக் கையில எடுத்துப் பெருவிரலால லேசா அழுத்திப் பாத்தே பிரிச்சு வைப்பாங்க. "கண்ணு, இந்த மெத்துன்னு இருக்கிறத ரசத்துக்குப் போடு, கெட்டிய மீனுக்கு வை"ம்பாங்க. அவங்க ரசத்துக்கு எடுக்குறது எப்பவும் மனிமேக்கராதான் இருக்கும். ரசத்துக்கு அதுதான் சரி, கையால பிசைஞ்சு விட்டா சாறும் விதையும் சேந்து இறங்கி ஒரு புளிப்பு வரும் பாருங்க, அந்த வேலைய ரோமாவால செய்யவே முடியாது.

ரோமாவ சீக்கிரம் முடிச்சிடலாம். நீட்டுப் பழம், விதை கம்மி, சதை ரொம்ப, சட்னி பதினஞ்சு நிமிஷத்துல கெட்டியாகும், பேஸ்ட் பண்ணி ஃப்ரீசர்ல வைக்க இதுக்கு மிஞ்சினது இல்ல. ஃபியூசேரியம், வெர்ட்டிசிலியம்னு பூஞ்சையால வர்ற ரெண்டு வாடலையும் தாங்குற ரோமா கிடைக்குது, ஆனா நம்ம பாக்டீரியல் வில்ட் வேற ஜாதி, அத இது தாங்காது. அதோட பழத்தோட அடி கருத்து தோல் மாதிரி ஆகுறது, பிளாசம் எண்ட் ராட், இதுலதான் அதிகமா வரும். அது பூச்சி இல்ல, கிருமியும் இல்ல, தண்ணி ஒரு நாள் நெறைய ஒரு நாள் காய விட்டு ஊத்துறதால கால்சியம் பழத்தோட நுனி வரைக்கும் போய்ச் சேராம போறது. முட்டை ஓட்ட நொறுக்கிப் போட்டா ரெண்டு வாரத்துல சரியாகும்னு நம்பாதீங்க, அது கரையவே மாசக்கணக்காகும். வேருக்கு மேல காஞ்ச புல்லப் பரப்பி, ஒரே அளவா தண்ணி விட்டாலே பாதி தீரும். ரோமாவ பக்கெட்ல வைக்கிறதுக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன், பக்கெட் மண்ணு சட்டுன்னு காயும்.

பக்கெட்டுக்கு செர்ரிதான். இருபது லிட்டர் பெயிண்ட் பக்கெட்ட நல்லா கழுவி அடியில ஓட்டை போட்டு, ஒரு பக்கெட்டுக்கு ஒரு செடி. மத்த மூணும் தவிக்கிற கோடையிலயும் இது காய்க்கும், சின்னப் பழம்ங்கிறதால சூட்டுலயும் பிடிச்சுக்கும். குறை ஒண்ணுதான், சட்னிக்குத் தோல் தொல்லை, நூறு பழத்துத் தோலு சட்டியில சுருண்டு நிக்கும், பல்லுல மாட்டும். ரசத்துக்கு நசுக்கிப் போடலாம், தயிர்ப் பச்சடிக்கு ரெண்டா வெட்டலாம், பிள்ளைங்க போற வர பறிச்சுத் தின்னுரும், அதுவே போதும்னு எனக்குத் தோணும்.

உரம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான், நடும்போது மக்கின சாணம், பூ வந்ததும் கடையில கிடைக்கிற 3:1:5 (தழை, மணி, சாம்பல் சத்து விகிதம்) உரம் கொஞ்சமா. கோழி எரு அதிகமாப் போட்டா இலை மட்டும் யானைக்காது மாதிரி வளரும், காய் வராது.

குரங்குதான் டர்பன் புறநகர் சாட்ஸ்வொர்த்ல யாருக்கும் விலக்கு குடுக்காது, சில்வர்கிளென் காட்டுப் பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. சிவக்குற வரைக்கும் செடியில விட்டு வச்சா அதுங்களுக்குத்தான் வளத்த மாதிரி. காயோட அடியில லேசா இளஞ்சிவப்பு ஏறினதுமே பறிச்சு சமையக்கட்டுல தட்டுல பரப்பிடுங்க, அந்தக் கட்டத்துக்கு அப்புறம் பழம் தானா பழுக்கும், சுவை குறையுறது தெரியாது. ஃப்ரிட்ஜ்ல மட்டும் வைக்காதீங்க, 12 டிகிரிக்குக் கீழ வாசம் செத்துரும். இதுலயும் ரோடேட்டுக்கு ஒரு மதிப்பெண் கூட, எல்லாம் சேந்தாப்ல நிறம் மாறுறதால ரெண்டு மூணு பறிப்புல முடிச்சிடலாம், செடி குட்டையா இருக்கிறதால ஒரு வலையப் போத்தினாலும் மூடிரும். மனிமேக்கர் மாசக்கணக்கா காய்க்கும், அத்தன மாசமும் காவல் காக்கணும்.

பூச்சின்னா இப்ப டூட்டா அப்சொல்யூட்டாங்கிற அந்துப்பூச்சிதான், 2016ல தென்னாப்பிரிக்காவுக்குள்ள வந்துச்சு, புழு இலைக்குள்ள வெள்ளைத் திட்டா குடைஞ்சு அப்புறம் காம்புப் பக்கமா காய்க்குள்ள போகும். நாலு ரகத்துல எதையும் அது விட்டு வைக்காது, திட்டு பட்ட இலைய அன்னிக்கே கிள்ளி பிளாஸ்டிக் பையில கட்டி வெயில்ல போட்டுருங்க, கம்போஸ்ட்ல போடாதீங்க. காஞ்ச குளிர்காலத்துல இலைக்கு அடியில சிவப்புச் சிலந்தி வரும், அதுக்கு இலையோட அடிப்பக்கம் காலைல தண்ணிய வேகமா அடிச்சாலே அடங்கும்.

காசுக் கணக்கு கேக்குறவங்களுக்கு நேராவே சொல்றேன், விளைச்சல் கொட்டுற வாரத்துல சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்ல வெள்ளிக்கிழமை ஒரு பெட்டி வாங்குறது நீங்க வளக்குறத விட மலிவா அமையலாம், கல்யாணம், விசேஷம்னு நூறு பேருக்கு சமைக்கணும்னா பெட்டிதான் வாங்கணும். ஆனா பெட்டித் தக்காளி தூரத்துலேந்து அடிபடாம வந்து சேரணும்னு கெட்டியா இருக்கையிலேயே பறிச்சது, சட்டியில போட்டதும் அது வேற மாதிரி. வீட்டுச் செடில நிறம் ஏறினப்புறம் பறிச்ச ரோடேட்ல ஒரு சட்னி வதக்கி, ஒரே வெங்காயம், ஒரே எண்ணெய், பக்கத்து அடுப்புல பெட்டித் தக்காளி வச்சுப் பாருங்க, வாசத்துலயே தெரிஞ்சுரும்.

விதை எடுத்து வைக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு ரோடேட், மனிமேக்கர், ரோமா மூணும் தோதானது, அடுத்த வருஷமும் அதே மாதிரி வரும். செர்ரி பாக்கெட்ல எஃப்1னு, அதாவது கலப்பின விதைன்னு, போட்டிருந்தா எடுத்துப் பிரயோஜனம் இல்ல, பிள்ளைச் செடி வேற வேற மாதிரி வரும். நல்லா காய்ச்ச, நோய் படாத செடியில நல்லா பழுத்த பழம் ரெண்ட ஒதுக்கி வச்சு, விதையோட சாற ஒரு டம்ளர்ல வழிச்சு ரெண்டு மூணு நாள் விடுங்க, மேல நுரையும் வாடையும் வரும், விதையச் சுத்தி இருக்கிற வழவழப்பு கரைஞ்சதும் வடிகட்டிக் கழுவி, பீங்கான் தட்டுல நிழல்ல காய வைங்க. பேப்பர்ல பரப்பினா ஒட்டிக்கும், பிச்சு எடுக்க முடியாது. ஒரு கவர்ல போட்டு ரகமும் வருஷமும் எழுதி வச்சா பிப்ரவரிக்கு ரெடி, மிச்சத்த அக்கம்பக்கத்துல கேக்குறவங்களுக்குக் குடுத்துருங்க.