குவார்க் மேக்னட் செட்: ஒரு மாசம் வச்சுப் பாத்துட்டு எழுதுறேன்

பொண்ணு பத்தாவது படிக்கிறா, புரோட்டானுக்குள்ள என்னப்பா இருக்குன்னு கேட்டுட்டே இருந்தா, அதான் ஆன்லைன்ல இத வாங்குனேன். புரோட்டானுக்குள்ள இருக்கற குட்டித் துகளுக்குப் பேருதான் குவார்க், அதுல ஆறு வகை. இதுல ஒவ்வொரு காந்த உருண்டையும் ஒரு குவார்க், அப்பும் டவுனும் நாலு நாலு, ஸ்ட்ரேஞ்ச், சார்ம், பாட்டம், டாப் ஒண்ணே ஒண்ணு, எதிர் குவார்க்கும் (மின்னூட்டம் தலைகீழா இருக்கற ஜோடி) அதே கணக்குதான், மேல மாட்ட கலர் வளையம் தனியா வருது.

மின்னூட்டம் உருண்டை மேலயே போட்டிருக்கறது ரொம்ப நல்ல விஷயம். ரெண்டு அப், ஒரு டவுன் ஒட்டுனா 2/3 + 2/3 − 1/3, ஒண்ணு வருது, புரோட்டான். ஒரு அப், ரெண்டு டவுன்னா பூஜ்யம், நியூட்ரான். இத அவளே கூட்டிப் பாத்துக் கண்டுபிடிச்சா, நான் வாயே தொறக்கல. சிவப்பு, பச்சை, நீலம் மூணும் சேரணும், இல்லன்னா ஒரு கலரும் அதோட எதிர்க்கலரும் சேரணும்ங்கற ரூலும் வளையத்த வச்சே புரிஞ்சிடுது (நிஜக் கலர் இல்ல, குவார்க்கோட ஒரு குணத்துக்கு வச்ச பேரு), ரெண்டாவது வகைத் துகளுக்குப் பேருதான் மெசான்.

எனக்குப் பிடிச்சதே அஞ்சு குவார்க் சேர்ந்த பெண்டாகுவார்க்தான். 2015ல செர்ன் ஆய்வுக்கூடத்துல எல்ஹெச்சிபிங்கற ஆராய்ச்சிக் குழு அறிவிச்சாங்களே, ரெண்டு அப், ஒரு டவுன், ஒரு சார்ம், ஒரு எதிர் சார்ம், அஞ்சும் இந்த செட்லயே இருக்கு. அஞ்சும் ஒரே கட்டியா ஒட்டிட்டு இருக்கா, இல்ல மூணு ஒரு பக்கம் ரெண்டு ஒரு பக்கம்னு ரெண்டு துகளா லேசா ஒட்டிட்டு இருக்கான்னு இன்னிக்கும் விவாதம் போகுது, ரெண்டு மாதிரியும் மேசை மேல செஞ்சு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தோம், அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே பத்து மணி ஆயிடுச்சு.

குறைன்னு பாத்தா, 2021ல அறிவிச்ச, நாலு குவார்க் சேர்ந்த டெட்ராகுவார்க்குக்கு ரெண்டு சார்ம், எதிர் அப், எதிர் டவுன் வேணும், இதுல சார்ம் ஒண்ணுதான். அப்புக்கும் சார்முக்கும் ஒரே மின்னூட்டம்தானப்பான்னு பொண்ணு ஒரு அப் மேல ஸ்டிக்கர் ஒட்டிட்டா, கூட்டுனா சரியா +1 வந்துச்சு.

ஆனா கூட வர்ற கார்டு தப்புங்க. குவார்க் எடைய கூட்டுனா புரோட்டான் எடை வரும்னு போட்டிருக்கு. புரோட்டான் சுமார் 938 எம்இவி (துகள் எடைய அளக்கற அலகு), மூணு குவார்க்கையும் கூட்டுனா அதுல ஏறக்குறைய 1 சதவீதம்தான், மிச்சமெல்லாம் குவார்க்குங்க உள்ள ஓடுற ஆற்றலும், அதுங்கள ஒட்ட வைக்கற குளுவானோட ஆற்றலும். பசங்க அத அப்படியே மனசுல ஏத்திப்பாங்க, கார்ட மொதல்ல எடுத்து வச்சிடுங்க.

இன்னொண்ணு, காந்தம் தள்ளிப் போகப் போக இழுப்பு கொறஞ்சு ஈஸியா பிரிஞ்சிடும், நிஜ குவார்க் அப்படி இல்ல, இழுக்க இழுக்க பிடி விடவே விடாது, கடைசில நாம போட்ட ஆற்றல்லயே புதுசா ஒரு குவார்க்கும் எதிர் குவார்க்கும் பொறந்து ஒட்டிக்கும், தனி குவார்க் கைக்கே வராது. இத நீங்கதான் பக்கத்துல உக்காந்து சொல்லணும்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். காந்தம் செம பவர், சின்னக் கொழந்தைங்க இருக்கற வீடுன்னா பரண் மேல வச்சிடுங்க, முழுங்கிட்டா ஆபத்து.