பகுதிவாரிக் குழுவா, வயதுவாரிக் குழுவா?

சபைக்குப் புதிதாக வருகிறவர் ஆராதனை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் கிளம்பிவிடுகிறார். அவரை எந்த வீட்டு ஜெபக் குழுவில் சேர்ப்பது? ஒரே பகுதியில் குடியிருப்பவர்கள் குழுவிலா, ஒரே வயதினர் குழுவிலா? மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, எல்லாரும் கலந்த குழு, ஒரே நிலையினர் குழு என இரண்டு வகையும் வைத்திருந்தார். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் தொடங்கிய 'கிளாஸ்' கூட்டங்களில் சுமார் 12 பேர், ஆணும் பெண்ணும் கலந்து. அதைவிடச் சிறிய 'பேண்டு'களில் ஆண், பெண், மணமானவர், ஆகாதவர் எல்லாம் தனித்தனி.

வயதுவாரிக் குழுவில் பேச்சு சீக்கிரம் பற்றிக்கொள்ளும். தேர்வு, வேலை, கைக்குழந்தை என எல்லாருக்கும் ஒரே கவலை. ஆனால் திருமணமாகாத நாற்பது வயதுக்காரரும் துணையை இழந்தவரும் எந்தப் பட்டியலிலும் அடங்கமாட்டார்கள். வாலிபர் குழுவில் இருந்தவர் மணமானதும் வெளியேறி, முதலிலிருந்து பழக வேண்டும்.

பகுதிவாரிக் குழு ஒட்டுவதற்கு மாதங்கள் ஆகும். ஆனால் ஒருவர் படுத்துவிட்டால் நடந்தே போய்ப் பார்க்க ஆள் இருக்கும். 8 முதல் 12 பேர், ஒன்றரை மணி நேரம். பாடலும் வேதபாடமும் ஒரு மணி நேரத்துக்குள் முடியட்டும். கடைசி அரைமணி ஜெபக் குறிப்புகளுக்கு. இந்த அரைமணியைப் பேச்சாளர் விழுங்கிவிடுவதால்தான் பல குழுக்கள் இன்னொரு பிரசங்கக் கூட்டமாகிச் சோர்ந்துபோகின்றன. நடத்துபவரும் வீடு தருபவரும் வேறு ஆட்களாக இருக்கட்டும். 15 பேரைத் தாண்டினால் கூச்சமுள்ளவர்கள் வாயே திறப்பதில்லை. அதற்கு முன்பே துணைத் தலைவரைப் பழக்கிப் பிரியுங்கள். பிரிக்கும்போது புதியவரை, அவரை அழைத்து வந்தவரோடே விடுங்கள்.

ஒன்றைத்தான் நடத்த முடியும் என்றால் பகுதிவாரிக் குழுதான். வாலிபர்களுக்கு மட்டும் மாதம் ஒருமுறை தனிக் கூடுகை வைத்தால் போதும்.