நீச்சல் தடாக மோட்டருக்குக் கம்பி சுற்றுவதா, புதிது வாங்குவதா: உப்புவெளியில் 9 வருடக் கணக்கு

திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் எங்களுக்கு ஆறு அறைகள் உள்ள ஒரு சின்ன விடுதி. முற்றத்தில் 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலத்தில் ஒரு நீச்சல் தடாகம். 45,000 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். அந்தத் தண்ணீரை வடிகட்டிச் சுற்றவிட 2016-இல் பூட்டிய 1 குதிரைவலு பம்ப் 2023 வரை ஓடியது. ஓடியது என்பதைவிட, நாங்கள் பிடித்துத் தள்ளி ஓட வைத்தோம் என்பதுதான் சரி.

முதல் கோளாறு 2018-இல். சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகும், சுற்றாது. மோட்டர் எரிந்துவிட்டது என்று பயந்துபோய்ப் புதிது விலை கேட்கவும் தொடங்கிவிட்டேன். மோட்டர் திருத்த வந்த பாஸ் பின்பக்க விசிறி மூடியைக் கழற்றி, தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். இலகுவாகச் சுற்றியது. "அண்ணை, இது கெப்பாசிட்டர்" என்றார், மோட்டர் சுற்றத் தொடங்க உந்து கொடுக்கிற பாகம். வேலை கால் மணித்தியாலத்தில் முடிந்தது. அன்று தெரிந்துகொண்டது: முனகிக்கொண்டு நிற்கிற மோட்டரில் தண்டு கையால் சுற்றினால் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல், சுற்றாவிட்டால் பெயரிங்கிலோ உள்ளே ஏதோ இறுகிப் போனதிலோ. கரண்டை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தேங்கி நிற்கும். அதில் மட்டும் விளையாட்டாகக் கை வைக்க வேண்டாம்.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு விருந்தினர் யாரும் வரவில்லை. செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று மாதக்கணக்கில் பம்பை நிறுத்தி வைத்தேன். திரும்பப் போட்டபோது தண்டு இறுகிக் கிடந்தது. ஓடித் தேய்கிற மோட்டரைவிட, கடற்கரையில் ஓடாமல் கிடக்கிற மோட்டர் சீக்கிரம் பழுதாகும்.

இனி நான் செய்த பெரிய பிழை. 2021-இல் பம்புக்கும் மோட்டருக்கும் நடுவே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிந்தது. அது மெக்கானிக்கல் சீல். ஒரு பக்கம் கார்பன் வளையம், மறுபக்கம் செராமிக் வளையம், இரண்டும் உரசி நின்று தண்ணீரை மறிக்கும். ஒன்று தேய்ந்தாலும் கசியும். நான் செய்தது, கீழே ஒரு பால்மா டின்னை வைத்தது! சொட்டு டின்னில் விழுந்தது உண்மை. ஆனால் தண்டு வழியே உள்ளே போன ஈரம் முன்பக்க பெயரிங்கின் கிரீஸைக் கழுவி, துருவேற்றி, கடைசியில் வைண்டிங் (மோட்டருக்குள் சுற்றியிருக்கிற செம்புக் கம்பி) வரை போனது. மாற்றியிருக்க வேண்டியது ஒரு சீல்தான்.

2022 ஓகஸ்ட், சீசன் நடுவில், ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்கியது. பிறகு எரிந்த வாடை. டொலர் 200 ரூபாயிலிருந்து 350-ஐத் தாண்டியிருந்த வருடம் அது. புதிய பம்பின் விலையைக் கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிட்டேன். எரிந்த வைண்டிங்கை எடுத்துவிட்டுப் புதிதாகக் கம்பி சுற்றக் கொடுத்தோம். ஐந்து நாட்கள் எடுத்தது. இந்த வெயிலில் பம்ப் ஓடாத தண்ணீர் மூன்றாம் நாளே பச்சையாகிவிட்டது. இரண்டு அறைக்காரர் முற்பதிவை ரத்துச் செய்தார்கள். திருத்தக் கூலியைக் கணக்கிடும்போது இதை யாரும் கூட்டுவதில்லை, நானும் கூட்டவில்லை.

புதிய கம்பி, புதிய பெயரிங். சீல் மட்டும் பழையது, ஏனென்றால் அந்த அளவு சீல் அப்போது கொழும்பிலும் கிடைக்கவில்லை. நான்கு மாதத்தில், டிசம்பர் மழையில், அதே கசிவு, அதே பெயரிங் கிறீச்சிடல். இந்த முறை பாஸ் மோட்டரைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பெயரிங் உட்காரும் இடத்தில் தண்டே தேய்ந்து போயிருந்தது. "திரும்பக் கம்பி சுத்தினா காசு எனக்கு வரும், அண்ணை. மோட்டர் உங்களுக்கு வராது."

எல்லாரையும்போல நானும் உப்புக்காற்றைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அவர்தான் பம்ப் அறையின் மூலையைக் காட்டினார். குளோரின் வாளியும் அசிட் கானும் மோட்டருக்கு இரண்டடி தள்ளி, ஏழு வருடமாக. மூடி இறுக்கமாக இருந்தாலும் ஆவி கசியும், கதவு பூட்டிய அறைக்குள் அது இரும்பையும் செம்பையும் தின்னும். அறைக்கு வெளியே, கடலைப் பார்த்து நிற்கிற கேற்றில்கூட அவ்வளவு துரு இல்லை.

2023 மே மாதம் புதிது வாங்கினோம். அதற்குள் மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியிருந்தது. பழையது எட்டு மணித்தியாலம் ஓட நாளுக்கு ஏறத்தாழ 9 யூனிட் இழுத்தது. அதனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பம்பையே எடுத்தோம். வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதி வரும், மின்சாரமோ கணக்குப்படி எட்டில் ஒன்றாகும். நடைமுறையில் அவ்வளவு இறங்காது. காலையில் ஒரு மணித்தியாலம் வேகமாக, பிறகு பன்னிரண்டு மணித்தியாலம் மெதுவாக ஓடவிடுகிறோம். எங்கள் மீற்றரில் நாளுக்கு 5 யூனிட்டுக்குக் கீழே நிற்கிறது. சத்தமும் இல்லை, பக்கத்து அறைக்காரர் இப்போது கடலைக் கேட்கிறார்களாம்.

குறையும் உண்டு. மெதுவாக ஓடும்போது மேலே மிதக்கிற வேப்பஞ் சருகை ஸ்கிம்மர் சரியாக இழுப்பதில்லை, வலையால் அள்ள வேண்டியிருக்கிறது. உள்ளே இருக்கிற எலெக்ட்ரோனிக் போர்ட்டைத் திருத்த நான் விசாரித்த வரையில் திருகோணமலையில் ஆள் கிடைக்கவில்லை. விற்றவர்களைக் கேட்டால் கொழும்புக்கு அனுப்பச் சொல்கிறார்கள். ஒக்டோபரில் இடி முழங்கினால் நான் முதலில் ஓடுவது பிரேக்கரை இறக்கத்தான்.

எனக்கு இப்போது தடுமாற்றம் இல்லை. கெப்பாசிட்டர், சீல், பெயரிங் என்றால் யோசிக்காமல் திருத்துவேன், சீலையும் பெயரிங்கையும் ஒன்றாகவே மாற்றுவேன். வைண்டிங் எரிந்தால் முதல் கேள்வி, எதனால் எரிந்தது? காரணத்தை நீக்க முடிந்து, தண்டும் உடலும் நன்றாக இருந்து, செலவு புதியதன் விலையில் பாதிக்குக் கீழே வந்தால் ஒரு முறை கம்பி சுற்றலாம். இரண்டாம் முறை இல்லை.

புது பம்ப் இப்போது ஒரு அடி உயர கொங்கிறீட் மேடையில் இருக்கிறது, மாரி வெள்ளம் எட்டாது. குளோரின் வாளி பின்பக்கக் கொட்டிலுக்குப் போய்விட்டது. அலுமாரியில் ஒரு சீலும் ஒரு சோடி பெயரிங்கும் வாங்கி வைத்திருக்கிறேன். பால்மா டின்னில் இப்போது கற்றாழை வளர்கிறது.